மயிலேறி வாசல் மணல்

“அம்மா, இந்த மாசி மகத்துக்கும் சாமியை மயிலேறி வாசல்லதான் இறக்கிட்டாங்க.”

சொல்லும்போது சடையாண்டியின் குரல் நடுங்கியது. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான வயிற்றெரிச்சல்.

நீலாயி அம்மைக்கு இரண்டே சீடர்கள். இருவருக்கும் தலை நரைத்தாகிவிட்டது. கடற்கரையில் வடக்கே மயிலேறியின் குடிசை, தெற்கே சடையாண்டியின் குடிசை. மாசி மகத்தன்று சாமி கடலாட வரும்போது எங்கே மணல் அகலமோ அங்கேதான் பல்லக்கை இறக்குவார்கள். அந்த வாசல்காரன் கையால்தான் சாமிக்கு முதல் மாலை.

“அங்கே மணல் அகலம். இறக்கினாங்க,” என்றாள் அம்மை.

“என் வாசல்ல ஏன் அகலமில்லை?”

“கடலைக் கேளு.”

சடையாண்டி கடலைக் கேட்கவில்லை. கேட்கிற ஆளா அவன்? கரையிலேயே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தான். சித்திரையில் தென்காற்று எழுந்தது. அலை சாய்ந்து சாய்ந்து அடித்து, மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போனது. அவன் வாசலைக் கடந்து, நேரே மயிலேறி வாசலுக்கு.

“அடப்பாவி! என் மணலாலதான் உனக்குச் சாமி வருதா?”

இடிந்துகிடந்த பழைய சத்திரத்தின் கற்களைச் சுமந்து வந்தான். இரண்டு குடிசைகளுக்கும் நடுவே, கரையிலிருந்து கடலுக்குள் ஒரு கல்வரிசை போட்டான். தோள் புண்ணாகிச் சீழ் பிடித்தது. அவன் விடவில்லை.

மணல் கல்லில் முட்டி நின்றது. சடையாண்டியின் வாசல் நாளுக்கு நாள் விரிந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் புது மணல் வரவில்லை. இருந்ததையும் அலை அரித்துக்கொண்டு போனது. ஆடியில் மயிலேறியின் குடிசை கடலோடு போய்விட்டது. அவன் கொஞ்சம் உள்ளே தள்ளி வேறொன்று கட்டிக்கொண்டான்.

அன்று சடையாண்டிக்குச் சோறு இனித்தது. வெட்கக்கேடுதான், ஆனால் இனித்தது.

ஐப்பசியில் வாடைக்காற்று வந்தது. அலையும் மாறிச் சாய்ந்தது. இப்போது மணல் வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்தது. நகர்ந்து வந்து, அதே கல்லில் மயிலேறி பக்கமாக முட்டி நின்றது. சடையாண்டி சேர்த்துவைத்த மணலோ இன்னும் தெற்கே போய்விட்டது. மாசி பிறந்தபோது அவன் வாசற்படியில் அலை அடித்தது.

சாமி வந்தது. மயிலேறி வாசலில் இறங்கியது.

சடையாண்டி அம்மையிடம் ஓடினான்.

“அம்மா! கல்லு நான் சுமந்தது. புண்ணானது என் தோளு. மணல் மட்டும் அவனுக்கா? இது நியாயமா?”

“கல்லு உன்னுதுதானே? எடுத்துக்கோ.”

“எடுத்தா மணல் என்கிட்ட வருமா?”

“வாடைக்குக் கொஞ்சம் வரும். தென்காற்றுக்கு அதுக்கும் மேல போகும்.”

“எங்கே போகும்?”

“அவன்கிட்ட.”

சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டான். “அவன்கிட்ட போறதுக்குப் பதிலா, என் வீடே மூழ்கட்டும்!”

அம்மை சிரித்துவிட்டாள்.

“ஆடி மாசம் மயிலேறியும் இங்கேதான் உட்கார்ந்து அழுதான்.”

“வீடு போனதுக்கா?”

“வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. உன் மணலைப் பார்த்தா வயிறு எரியுதுன்னான். சோறு இறங்கலைன்னான்.”



“என்னைப் பார்த்தா? வருஷா வருஷம் சாமியே அவன் வாசல்ல இறங்குது. என்கிட்ட பொறாமைப்பட என்னம்மா இருக்கு?”

“உன் பொறாமையை நான் அவன்கிட்ட சொன்னப்போ,” என்றாள் அம்மை, “அவனும் இதையேதான் கேட்டான்.”