ஏழில் ஒரு தேர்

செங்கழனி நாட்டை மாறவேள் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். சிவபூசை தவறாதவன், குடிகளிடம் அன்புள்ளவன். குறை ஒன்றே ஒன்று. "இது வேறெவரிடமும் இல்லை" என்று யாரேனும் காதில் ஓதிவிட்டால், அந்தப் பொருள் தனக்கு எதற்கு என்று கேட்க மறந்துவிடுவான்.

இதை நன்கு அறிந்தவன் தேர் வணிகன் நல்லணன். "வாயுவேகம்" என்ற பெயரில் விரைவுத் தேர் ஒன்றைக் கொண்டுவந்தான். நான்கு குதிரை பூட்டினால் காற்றையும் பின்னே விட்டு ஓடுமாம். இவ்வகையில் ஏழு தேர்களே செய்யப்படும், அதன்பின் தச்சர்களின் உளியையே பூட்டிவைத்துவிடுவேன் என்று சத்தியம் செய்தான். ஒவ்வொன்றிலும் "ஏழில் ஒன்று" என்று பொறித்த செப்புத் தகடு வேறு.

ஆண்டுக்கொன்றாக ஆறு தேர்கள் அரண்மனைக்கு வந்து சேர்ந்தன. வயது ஏற ஏற அவற்றின் விலையும் ஏறும். ஆனால் சக்கரத்தில் மண் பட்டால் மதிப்பு இறங்கிவிடும் என்பது வணிகன் வகுத்த விதி. ஆகவே காற்றை வெல்லப் பிறந்த ஆறு தேர்களும் கொட்டகையில், பட்டுப் போர்வைக்குள், கட்டைகளின்மேல் அசையாமல் நின்றன. மன்னன் நாள்தோறும் போய்ப் பார்ப்பான், ஏறமாட்டான். குதிரைகள் கொழுத்தன.

ஏழாம் ஆண்டு பங்குனி உத்திரம் நெருங்கியது. திருக்குருந்தூர் ஈசனின் பெருந்தேரில் இரண்டு சக்கரங்கள் பிளந்திருந்தன. கோயிலை நிருவகிக்கும் தானத்தார் புதுச் சக்கரத்துக்குப் பொருள் வேண்டி வந்தனர். இவ்வாண்டுப் பொன் ஏழாம் தேருக்குப் பேசியாயிற்று, சுவாமி அடுத்த ஆண்டு எழுந்தருளட்டும் என்று மன்னன் சொல்லியனுப்பினான். தேரோட்டம் நின்றுபோன ஆண்டு என்று ஒன்று அவ்வூரில் எவர் நினைவிலும் இல்லை. தானத்தார் கண்ணீரோடு அவைப்புலவர் பொன்னம்பலக்கூத்தரின் வீட்டு வாசலில் நின்றனர். கூத்தர் திருநீற்றைப் பூசிக்கொண்டு, அவர்களையும் அழைத்துக்கொண்டு அவைக்குப் போனார்.

ஏழாம் தேர் முற்றத்தில் நின்றது. பொற்கிழி தட்டில் இருந்தது. நல்லணன் தட்டுக்கு அருகில் இருந்தான்.

முதலில் விற்ற தேர் இன்று என்ன பெறும் என்று கூத்தர் விநயமாக வினவினார். வாங்கிய விலைக்கு ஐந்து மடங்கு என்றான் வணிகன். நெஞ்சறியச் சொல்கிறீரா என்றார். சிவன்மேல் ஆணை என்றான். மன்னனின் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் அரசே, இந்தப் பொற்கிழி எதற்கு? முதல் தேரையே இவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு பங்கு விலை, நான்கு பங்கு தங்கள் பரிசு. இப்படிப்பட்ட வள்ளலை இவர் வேறெங்கே காண்பார்?"

நல்லணன் மேலாடையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அத்தனை பெரிய கொடைக்குத் தான் தகுதியற்றவன், பொன்னே போதும் என்று பணிந்து சொன்னான்.

"கடைவீதியில் இப்படி ஒரு துறவி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்றார் கூத்தர்.

மன்னனின் புருவம் மெல்ல உயர்ந்தது. "இரண்டு தேராக எடுத்துக்கொள்ளும்" என்றான். வணிகன் கைகூப்பினான். மூன்று என்றதற்கு, வைக்க இடமில்லை என்றான்.

"ஆறும் தருகிறேன். கொட்டகையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்."

வணிகன் இரண்டடி பின்வாங்கினான். அவன் கண் கிழியைவிட்டு அகலவில்லை.

"விற்றவனே வேண்டாமென்னும் பொருளையா நான் போர்வை போர்த்திக் காத்தேன், கூத்தரே?" மன்னனின் குரல் தாழ்ந்திருந்தது. "என் பாட்டனாரின் போர்த்தேரை இன்றும் நாடே வந்து வணங்குகிறதே. அதுவும் பழைய தேர்தானே?"

"அதைப்போல் ஆயிரம் செய்தார்கள், அரசே. அவர் அதில் ஏறிப் போனார், வென்று வந்தார். சக்கரத்தில் மண்ணும் அச்சில் அம்பும் இன்னும் இருக்கின்றன. மக்கள் கும்பிடுவது அந்த மண்ணை. செப்புத் தகட்டை யார் கும்பிடுவார்கள்?"

மன்னன் எழுந்து கிழியை எடுத்துத் தானத்தார் கையில் கொடுத்தான். நல்லணன் ஏழாம் தேரைக் குதிரையில்லாமல் தானே இழுத்துக்கொண்டு வெளியேறினான். அதன் சக்கரத்தில் முதன்முதலாக மண் பட்டது.

"கொட்டகையில் நிற்கும் ஆறையும் என்ன செய்வது?" என்றான் மன்னன்.

கோயில் தேர் வீதி திரும்பும் இடங்களில், அதைத் தடுத்து நிறுத்தச் சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை போடுவது வழக்கம். கூத்தர் அதை நினைவூட்டினார்.

"அறுத்து முட்டுக்கட்டை செய்யச் சொல்லுங்கள், அரசே. தேரை நிற்கவைப்பதுதான் அதற்கு வேலை. நிற்பதில் இவற்றைவிடத் தேர்ந்த மரம் நம் நாட்டில் இல்லை."

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். உத்திரத்தன்று வடத்தின் முதல் பிடி என்னும் அரச மரியாதையைக் கூத்தருக்கு விட்டுக்கொடுத்து, அவர் பின்னால் மண்ணில் கால் பதித்துத் தானும் இழுத்தான்.