துரும்பும் வாங்காத ஏழு பேர்

ஏமாங்குளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்களே ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். அதனால் அதை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அந்த ஊர்க் கபடி அணி. மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் தேக்கங்கட்டை மாதிரி உடம்பு. மூளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, கொஞ்சம் பொறுத்தால் அதுவே வெளியே வரும்.

அணித்தலைவன் தவசி. தென்சீமை லீக்கில் ஒரே ஒரு தடவையாவது இறுதி ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. போன வருடம் அந்த ஆசையைக் கெடுத்தது ஒரு கலர் சோடா. அரையிறுதி இடைவேளையில் வெயில் தாங்காமல் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். எதிரணிக்காரன் ஒருவனுக்கு மனசு கேட்கவில்லை, குடித்துக்கொண்டிருந்த சோடாவை நீட்டினான். தவசி ஒரே ஒரு மடக்குக் குடித்தான். உடனே விசில் ஊதிவிட்டார்கள்.

லீக்கின் ஒழுங்குக் குழுத் தலைவர் சுந்தரவரதன் மைக்கைப் பிடித்தார். "எதிரணியிடம் அன்பளிப்பு வாங்கிய குற்றத்துக்காக ஏமாங்குளம் அணி போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது."

"மயங்கி விழப் போனான் சார்," என்று நடுவரே கெஞ்சிப் பார்த்தார்.

"விழுந்திருக்கலாமே. விழக்கூடாதென்று விதியில் எங்கேயும் இல்லையே," என்றார் சுந்தரவரதன்.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஏமாங்குளத்தின் பெயரே லீக்கில் இருக்காது என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து தவசிக்குச் சோடா பாட்டிலைத் தூரத்தில் பார்த்தாலே கை நடுங்கும். பாவம், ஒரு மடக்குக்காக ஒரு வருடம் தூக்கத்தைத் தொலைத்தவன் அவன்.

இந்த வருடப் போட்டி தொடங்கும் நாளன்று சுந்தரவரதன் எல்லா அணிகளையும் நிறுத்திவைத்து இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். எதிரணி வீரரை வீடு தேடி வந்த விருந்தாளியைப் போல நடத்த வேண்டும். யாரிடமிருந்தும் ஒரு துரும்பைக்கூட வாங்கக் கூடாது. மற்ற அணிக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்கள். ஏமாங்குளத்தார் மட்டும் ஏழு பேரும் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார்கள்.

பிறகு பந்தலுக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து ஆலோசனை நடந்தது.

"விருந்தாளி வந்தா என்ன செய்யணும்?" என்று தொடங்கினான் தவசி.

அணியிலேயே யோசிக்கக்கூடியவன் என்று பெயரெடுத்த மாயழகு சொன்னான். "வாங்கன்னு சொல்லணும். ஊருல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேக்கணும். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கக் கூடாது."

"பிடிச்சு அமுக்கலாமா?" என்று கேட்டான் ஒச்சப்பன். அணியிலேயே பெரிய ஆகிருதி அவன்தான். அமுக்குவதைத் தவிர வேறு வேலை அவனுக்குத் தெரியாது.

"ஒங்க வீட்டுக்கு வந்த சம்பந்திய அமுக்குவியா?" என்றான் மாயழகு.

ஒச்சப்பன் நேர்மையாக யோசித்தான். "தோணிருக்கு. அமுக்கினதில்ல."

"அப்பறம் என்ன. இதுவும் அப்படித்தான்."

"காப்பித்தண்ணி கொடுக்கணுமேண்ணே?"

"அது அன்பளிப்பாப் போயிரும். வாயால மட்டும் உபசரிப்போம்," என்றான் தவசி.

அதோடு முடிந்திருக்கும். ஒச்சப்பன் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டான். "அண்ணே, நடுக்கோட்டத் தாண்டி அவங்க பக்கம் பாடிப் போறோம். திரும்பி வரயில அவங்க மண்ணு நம்ம கால்ல ஒட்டிக்கிட்டு வருதே. துரும்பே கூடாதுன்னா மண்ணு?"

மற்ற ஆறு பேரும் தங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக எத்தனை பேருடைய மண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து வந்திருக்கிறோம் என்று தவசி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். இனி யார் பாடிப் போனாலும் நடுக்கோட்டில் நின்று இரண்டு காலையும் தட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

முதல் ஆட்டம் கருவேலம்பட்டியோடு. அவர்களில் ஒருவன் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு புலி மாதிரி உள்ளே பாய்ந்தான். ஏமாங்குளத்தார் ஒரு அடி பின்வாங்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு வரிசையாக வந்தார்கள்.

"வாங்க, வாங்க. வழியில ஒண்ணும் செரமமில்லையே?"

"கபடி கபடி கபடி..."

"எளச்சுப் போனீங்களே. அம்மாவுக்கு மொழங்கால் வலின்னாங்க, இப்பத் தேவலையா?"

அந்தப் பையன் நல்ல வளர்ப்பு. பெற்ற தாயைப் பற்றி விசாரிக்கிறவனிடம் எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது? "இப்பப் பரவாயில்லைங்க," என்றான். பாட்டு நின்றது, விசில் அடித்தது, ஆள் அவுட். தவசி அவனை நடுக்கோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டு, "அடிக்கடி வாங்க," என்றும் சொன்னான்.

அடுத்து வந்தவன் விவரமானவன். என்ன கேட்டாலும் வாயைத் திறந்து வேறு வார்த்தை பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாடினான்.

"பேச மாட்டேங்கிறாரே. நம்ம மேல ஏதோ வருத்தம்," என்று கலங்கினான் ஒச்சப்பன்.

ஏழு பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன கொற வச்சோம்? சொன்னாத்தானே தெரியும்?" என்று ஒச்சப்பன் குரல் தழுதழுக்கக் கேட்டான். வெளியே போக வழியில்லாமல், தொட்டுவிட்டு ஓடவும் மனம் வராமல், மூச்சு முட்டி, கடைசியில் அவன், "ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்லண்ணே!" என்று அலறினான். விசில்.

ஏமாங்குளத்தில் ஒச்சப்பன் முறை வந்தபோது அவன் பாடிப் போனான். விருந்துக்குப் போன இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். கருவேலம்பட்டித் தலைவர் கருப்பணன் கொஞ்சம் நரைத்தவர். ஒச்சப்பன் நேரே போய், 'கபடி கபடி' என்று விடாமல் சொன்னபடி அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மனுஷன் பதறிப்போய், "நல்லாயிருப்பா, எந்திரி," என்று சொல்லிவிட்டார். ஒச்சப்பன் எழுந்தான், நடுக்கோட்டில் நின்று காலைத் தட்டினான், திரும்பினான். கருப்பணன் அவுட். அவர் வெளியே போய் உட்கார்ந்த பிறகும் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே இன்னொரு பஞ்சாயத்து கிளம்பியது.

"நல்லாயிருன்னு சொன்னாரே. அத வாங்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டான் மாயழகு.

ஒச்சப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யோசிக்காம வாங்கிட்டேண்ணே."

"சுந்தரவரதன் சார் காதுல விழறதுக்குள்ள திருப்பிக் கொடுத்துரு," என்றான் தவசி. அவன் நெற்றியெல்லாம் வியர்வை. போன வருடச் சோடா தொண்டையில் வந்து நிற்பதுபோல் இருந்தது அவனுக்கு.

ஆனால் அவுட்டான கருப்பணன் உள்ளே வந்தால்தானே கொடுக்க முடியும்? தெய்வாதீனமாக அடுத்துப் பாடிப் போன மாயழகு நடுக்கோட்டில் நின்று கால் தட்டும்போது பிடிபட்டான். அந்தப் புள்ளிக்கு, வெளியே போனவர்களில் ஒருவர் திரும்பலாம் என்ற முறையில், கருப்பணன் உள்ளே வந்தார். அடுத்த முறை வந்ததும் ஒச்சப்பன் ஒரே ஓட்டமாக ஓடி, அவர் உச்சந்தலையில் கையை வைத்து, 'கபடி கபடி' என்று மனசார வாழ்த்திவிட்டுத் திரும்பினான். கருப்பணன் மறுபடியும் அவுட். வாழ்த்தும் திரும்பிப் போய்விட்டது.

சுந்தரவரதன் இதையெல்லாம் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தவசியைக் கூப்பிட்டு, ஏன் எல்லாரும் கோட்டில் நின்று காலைத் தட்டுகிறார்கள் என்று விசாரித்தார். காரணத்தைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட உத்தியோகத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே அணி இதுதான் என்று அவருக்குப் பட்டது. உடனே மைக்கைப் பிடித்தார். "கவனிக்கவும். எதிரணியின் மண்ணும் அன்பளிப்பே. இனி ஆடுகளத்தில் ஆடும் யாராக இருந்தாலும் கால் தட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தவறினால் நீக்கம்."

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மற்ற அணிகள் கால் தட்ட மறந்தும், தட்ட நின்று மாட்டியும் ஒவ்வொன்றாக வெளியேறின. ஏமாங்குளத்தார் குசலம் விசாரித்துக்கொண்டே இறுதி ஆட்டம் வரை வந்து, அதையும் ஜெயித்துவிட்டார்கள். ஊரே துண்டைச் சுழற்றியது. தவசி குழந்தை மாதிரி அழுதான்.

அழுகை நின்றது பரிசைப் பார்த்ததும்தான். கொம்பில் மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்ட செம்மறிக்கிடா ஒன்றை சுந்தரவரதன் கயிற்றோடு பிடித்துக்கொண்டு, "வா தவசி, வாங்கிக்கொள்," என்றார்.

தவசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம் சார்."

"வெற்றிப் பரிசப்பா இது."

"துரும்பே கூடாதுன்னீங்க. இது மே மேங்குது சார். இத வாங்கினா எங்க ஊர்ப் பேரே லீக்குல இருக்காது. எங்கள விட்டுருங்க சார்."

சுந்தரவரதன் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பையன் சொல்வதில் தப்பே இல்லை. யாரிடமிருந்தும் என்று சொன்னவர் அவர்தான், தன்னைத் தவிர என்று சொல்லவில்லை. பரிசைக் கொடுக்காமல் போட்டியை முடிக்கவும் விதியில் இடமில்லை. கூட்டம் பொறுமையிழந்தது. கிடா மாலையைத் தின்னத் தொடங்கியது.

மாயழகு தொண்டையைக் கனைத்தான். "சார், கொடுத்தாத்தானே அன்பளிப்பு? நாங்களா ஆடிப் பிடிச்சா அது எங்க ஒழைப்பு. கிடாய எதிர்ப்பக்கம் நிறுத்துங்க. அது பாடி வரட்டும். நாங்க ஜெயிச்சுக்கிறோம்."

சுந்தரவரதன் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. நடுவரை மறுபடி களத்தில் இறக்கினார்கள். கயிற்றை அவிழ்த்துக் கிடாயை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். விசில் அடித்ததும் கிடா தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டைத் தாண்டி வந்தது.

"வாங்க, வாங்க," என்று ஏழு பேரும் கைகூப்பினார்கள்.

"மே மே மே மே," என்றது கிடா.

"பிடிங்கடா!" என்று கூட்டம் கத்தியது.

"விருந்தாளிண்ணே," என்று ஒச்சப்பன் கையைப் பிசைந்தான். "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"மே மே மே."

"என்ன மூச்சு பாருங்கடா. என்ன கேட்டாலும் பாட்ட விட மாட்டேங்குது," என்று வியந்தான் தவசி. வியந்துகொண்டிருக்கும்போதே கிடா அவன் தொடையில் ஒரு முட்டு முட்டியது. அப்புறம் ஒச்சப்பனை முட்டியது. மாயழகுவின் இடுப்பில் உரசிக்கொண்டு போய் மற்ற நாலு பேரையும் ஒழுங்காக முட்டிவிட்டு, தான் பாதி தின்ற மாலை அந்தப் பக்கம் கிடப்பது நினைவு வந்ததோ என்னவோ, நிதானமாக நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பிப் போனது.

விசில். ஏழு பேரும் அவுட்.

சுழன்ற துண்டெல்லாம் தோளுக்குத் திரும்பின. தவசி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இறுதி ஆட்டத்தில் ஜெயித்து, பரிசு கொடுக்கிற இடத்தில் தோற்ற தலைவன் உலகத்தில் வேறு யார் இருப்பார்கள்? கிடாதான் இந்த வருட வெற்றியாளர் என்று அறிவிக்க சுந்தரவரதன் கனத்த மனத்தோடு மைக்கை எடுத்தார்.

"சார்!" என்று கத்தினான் ஒச்சப்பன். "கால் தட்டல சார்! நாலுல ஒரு காலக்கூடத் தட்டல!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நாலு குளம்பிலும் ஏமாங்குளத்துப் பக்கத்து மண் அப்பியிருந்தது. சுந்தரவரதன் குனிந்து, நாலையும் தூக்கிப் பார்த்து, நிமிர்ந்தார்.

"எதிரணியிடம் அன்பளிப்பு வாங்கிய குற்றத்துக்காகக் கிடா போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. ஏமாங்குளம் வெற்றி!"

துண்டுகள் மறுபடி பறந்தன. நீக்கப்பட்ட ஆட்டக்காரரைப் பரிசாகக் கொடுக்க விதியில் இடமில்லை என்பதால் பரிசுப் பிரச்சினையும் அத்தோடு தீர்ந்தது. சுந்தரவரதன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

எல்லாரும் கலைந்த பிறகு கிடா மட்டும் தனியாக நின்றது. வேனில் ஏறப் போன தவசி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மைக்கில் பேர் சொல்லி நீக்கப்பட்டவனின் வேதனை அவனுக்குத் தெரியாதா?

"இத இப்படியே விட்டுட்டுப் போனா நாம மனுஷங்களா? நம்ம அணியில சேத்துக்குவோம்," என்றான். யாரும் மறுக்கவில்லை. அது வாங்கினதில் வராது, கூட ஆடுகிறவரை வண்டியில் ஏற்றிக்கொண்டதில்தான் வரும் என்று மாயழகு விளக்கினான்.

வழியில் ஒரு பெட்டிக்கடையில் வேன் நின்றது. தவசி நடுங்காத கையால் ஒரு கலர் சோடாவை வாங்கி உடைத்தான். ஒரே அணிதானே, குற்றமில்லை என்று கிடாயின் வாயருகே நீட்டினான். கிடா முகர்ந்து பார்த்தது, பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

தவசிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"பாத்தீங்களாடா," என்றான் மற்ற ஆறு பேரிடமும். "ஒரே நாள்ல திருந்திருச்சு. அடுத்த வருசம் இதுதான் கேப்டன்."