சடைச்சி எறிஞ்ச மூணாவது கல்லு

ஒரு ஊர்ல ஒரு கவண்காரி இருந்தா. பேரு சடைச்சி. கம்பங்கொல்லையில குருவி ஓட்டுறதுதான் வேலை. கவண்ல கல்ல வச்சு வீங்வீங்னு சுத்தி விட்டான்னா, குருவியெல்லாம் "ஐயோ சடைச்சி!"ன்னு பறக்கும். ம் கொட்டு... ஆங், அப்படி.

அப்போ ஒரு நா, அவ புருசன் வேம்பன் ஆத்தைக் கடக்கறான், திடீர்னு தபதபதபன்னு வெள்ளம்! நடு ஆத்துப் பாறையில ஏறி நின்னுட்டான். தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு, அப்புறம் தொடைக்கு. ஊரே கரையில வாயைப் பொளந்து நின்னுச்சு.

ஒரே வழிதான். கல்லுல நூலைக் கட்டி எறியணும். நூலோட மறு முனையில வடம். அவன் நூலை இழுத்தா வடம் போய்ச் சேரும்.

சடைச்சி, குருவிக்குக் குறி வைக்கிற மாதிரி நேரா புருசனைப் பார்த்து விட்டா. வீங்... பொளக்! பாதி வழியிலயே தண்ணிக்குள்ள. குருவி கிட்டக்க, புருசன் எட்டக்க இல்ல?

"அய்யய்யோ, சடைச்சி குறி தப்பிருச்சே!"ன்னு ஊரு அலறுச்சு.

அப்புறம் மாமியா காத்தாயி, தலையில கூழ்ப்பானையோட வந்து, "மேல தூக்கி எறிடி!"ன்னா. சடைச்சி அண்ணாந்து விட்டா. வீஈஈங்... எல்லாரும் மேல பாக்குறாங்க. காணோம். காணோம். டமார்! மாமியா தலைப்பானை! மூக்கு நுனியில கூழு சொட்டு... சொட்டு... "ஆங்ங்?"ன்னா.

சிரிக்காத. தண்ணி அவன் இடுப்புக்கு வந்துருச்சு.

அப்போதான் சடைச்சிக்குச் சுரீர்னுச்சு. "கல்லுக்குள்ள ரெண்டு பேரு இருக்கான் அத்தை! ஒருத்தன் ஏறுறவன், ஒருத்தன் ஓடுறவன். பூமி ஏறுறவனைத்தான் கீழ இழுக்குது, ஓடுறவனைத் தொடவே இல்ல. ஏறுனவன் இறங்குறதுக்குள்ள ஓடுறவன் போய்ச் சேரணும். மொதக் கல்லுல ஏறுறவனுக்குப் பலம் தரல, ரெண்டாவதுல ஓடுறவனுக்குத் தரல. ரெண்டு பேருக்கும் சரிபாதி!"

சதுரத் தலைத்துண்டை மூலைக்கு மூலை மடிச்சா. "அத்தை, அடி விளிம்பு தரைக்கு மட்டமா இருக்கட்டும், அசையாம பிடிங்க." மடிச்ச ஓரம் சாய்வா ஆகாசத்தைக் காட்டுச்சு. ஒரு முழம் முன்ன, ஒரு முழம் மேல. அந்தச் சாய்வுலயே, அதே வேகத்துல, வீங்!

ஏறுச்சு... ஏறுச்சு... வளைஞ்சுச்சு... வேம்பன் தலையைத் தாண்டி தொப்! நூலு அவன் தோள்ல! சரசரன்னு நூலை இழுத்தான், வடமும் வந்து சேர்ந்துச்சு. ம்?

வடத்தைப் பிடிச்சவனை எல்லாருமா இழுத்துக் கரையேத்துனாங்க. பல்லு கிடுகிடுக்க வேம்பன் கேட்டான், "ஏ புள்ள, எங்காத்தா பானை... தெரியாமத்தானே உடைச்ச?"

காத்தாயி கூழு மூக்கோட திரும்பிப் பார்த்தா.

"அவங்கதானே மேல எறியச் சொன்னாங்க!"ன்னா சடைச்சி.

வேம்பன் கரையேறிட்டான், கதையும் கரையேறிருச்சு. நீ தூக்கத்துக்குள்ள இறங்கு.