குரல் கொடுக்காமல் வந்த ராஜா

பறவைகளும் கூட்டம் கூடிப் பேசி, தீர்மானம் போட்டு வாழ்ந்த அந்தக் காலத்தில், கண்மாய்க்கரைப் பறவைகள் பருந்தை ராஜா ஆக்கின. பெரிய இறக்கை, கூர்மையான பார்வை, வேறென்ன வேண்டும்? ஆனாலும் அவை ஒன்றும் ஏமாளிகள் அல்ல. ஒரு கட்டுப்பாடு வைத்தன. கூடு இருக்கிற மரத்துக்கு வந்தால் ராஜா முதலில் மேலே நின்று குரல் கொடுக்கவேண்டும். கூட்டுக்காரர் "வாங்க" என்று சொன்ன பிறகுதான் இறங்கவேண்டும். மீறினால் ஆந்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். பருந்து பவ்யமாகத் தலையாட்டியது. பதவிக்கு வந்த புதிதில் யார்தான் தலையாட்டவில்லை?

ஒரு கோடையில் சாரைப்பாம்புகள் மரமேறி முட்டைகளை விழுங்கத் தொடங்கின. "குரல் கொடுத்தா பாம்பு உஷாராயிடும். இந்தக் கோடை முடியிற வரைக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம்" என்றது பருந்து. நியாயமாகத்தான் பட்டது. முதல் ஆளாகச் "சரி" என்றது மணிப்புறா. போன தடவை இட்ட முட்டைகளைப் பாம்புக்குப் பறிகொடுத்த வயிறு அது.

சொன்னபடியே பருந்து பாம்புகளை ஒழித்தது. மழையும் வந்தது. குரல் கொடுக்கும் வழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. ராஜா சத்தமில்லாமல் வந்து இறங்கும். அது போன பிறகு பார்த்தால் கூட்டில் ஒரு குஞ்சு குறையும். பாம்பை ஒழித்த நன்றிக்காக முதலில் யாரும் வாய் திறக்கவில்லை.

பொறுக்கமுடியாமல் போனபோது கூட்டம் கூடிக் கண்டித்தது. ஆந்தையும் விசாரித்து, "ராஜா செய்வது தப்பு" என்று கறாராகத் தீர்ப்புச் சொன்னது. அதை ராஜாவிடம் கொண்டுபோனது கரிச்சான். கூட்டத்தின் முடிவுகளை மரம் மரமாய்க் கூவிச் சொல்வதுதான் அந்தக் கறுப்புக் குருவியின் வேலை. விரித்தால் விசிறி போல அழகான வால் அதற்கு.

பருந்து முழுவதையும் கேட்டது. "தீர்ப்பு நல்லாத்தான் இருக்கு. என்னைத் தடுக்க அது பறந்து வருமா?" என்று சொல்லிவிட்டு இறக்கையைக் கோதிக்கொண்டது.

அந்தப் பதிலையும் கரிச்சான் மரம் மரமாய்க் கூவிச் சொன்னது. வேலமரத்து மணிப்புறா அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. நம் வாயால்தானே சரி என்றோம் என்று நொந்துகொண்டு, இரை தேடவும் போகாமல் குஞ்சுகளை அணைத்தபடி கிடந்தது.

மறுநாள் காலை, கூட்டின்மேல் நிழல் விழுந்தது. குரல் இல்லை.

"ராஜா, நீங்க குரல் கொடுக்கல!" என்று அடுத்த மரத்திலிருந்து கரிச்சான் கத்தியது.

"தள்ளிப் போடா, பொடியா."

கரிச்சான் தள்ளிப் போகவில்லை. விர்ரென்று மேலே எழும்பி, ராஜாவின் முதுகிலேயே உட்கார்ந்து, பிடரியில் கொத்தியது. பருந்தின் நகம் ஊரையே எட்டும். தன் முதுகை எட்டவில்லை. சுழன்றது, புரண்டது. புரண்ட வேகத்தில் கரிச்சானின் வால் நகத்தில் சிக்கி நடு இறகுகள் பிய்ந்துபோயின. அப்படியும் அது விடவில்லை. கடைசியில் பருந்து வலி தாங்காமல் வீலென்று நீளமாகக் கத்திக்கொண்டே வானத்துக்குப் போனது.

"இதைத்தானே ராஜா முதல்லயே கேட்டோம்!" என்றது கரிச்சான்.

மணிப்புறா அழுதேவிட்டது. "என் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டே தம்பி. உன் அழகு வால் போச்சே. இதுக்கு நான் என்ன செய்வேன்?"

ஆந்தை பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. "நான் சொன்னது வெறும் சொல்லாப் போயிருக்கும். நீதான் அதுக்கு உயிர் கொடுத்தே. நல்லா இருப்பே."

கரிச்சான் புறாவின் பக்கம் திரும்பியது. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுக்கா. அது நாளைக்கும் வரும். கைம்மாறெல்லாம் வேண்டாம். அடுத்த தடவை என் மரத்துலயே வந்து கூடு கட்டுங்க. நான் கத்துறப்ப கூடக் கத்த ஆள் இருந்தா போதும்."

அன்று போன நடு இறகுகள் இன்றுவரை முளைக்கவில்லை. கரிச்சானின் வால் பிளந்தே இருக்கிறது. பருந்தும் வட்டமிடும்போது நீளமாகக் குரல் கொடுக்கிறது. மறந்தால் முதுகில் கரிச்சான் இருக்கும். கரிச்சான் இருக்கும் மரமாகப் பார்த்துப் புறாக்கள் கூடு கட்டுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். விடியுமுன்னே கரிச்சான் முதல் குரல் கொடுக்க, "இருக்கோம் தம்பி, இருக்கோம்" என்று அதே மரத்திலிருந்து ஒரு புறா பதில் சொல்கிறது.