திருப்பாத தாள்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் கல்லூரித் தாவரவியல் ஆய்வகப் பணியாளர் அருள்தாஸ் அண்ணன் சொன்னார். இது நடந்த அன்று, பீரோவை நகர்த்த அந்த வீட்டுக்குப் போயிருந்தவர் அவர். ஒரு சொல்லும் கூடிவிடக் கூடாது என்று இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஏசுவடியான், ரஞ்சிதம் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் பறவைகளை ஆராய்ந்தார், அவள் செடிகளை. பாபநாசத்துக்கு மேலே காட்டில் இருவரும் சேர்ந்தே அலைந்தார்கள். குறிப்பும் ஒரே நோட்டில்தான். ஒரு நாளுக்கு ஒரு தாள். முன்பக்கத்தில் அவர் பறவைகளை எழுதுவார். அதே தாளின் பின்பக்கத்தில் அவள் செடிகளை எழுதுவாள். இருவரும் எழுதியது ஆங்கிலத்தில். அப்படி நாற்பத்தொரு நோட்டுகள் சேர்ந்தன.

வழிகாட்டியாகக் கூடப் போனவர் பரப்பன் காணி, அந்த மலையிலேயே வாழும் காணிக்காரர். 1988 ஜனவரி பதினேழாம் தேதி அவர் பாறையிலிருந்து விழுந்து இறந்தார். குடித்துவிட்டு ஏறினார் என்று ஏசுவடியான் சொன்னார். காட்டு இலாகா அதையே எழுதிக்கொண்டது. பரப்பனின் மனைவி நம்பவில்லை. முப்பத்தோரு வருடம் குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சோடு வாழ்ந்தாள்.

ரஞ்சிதம் சாகும்போது மகள் சலோமியிடம், "இந்த நோட்டுல ஒரு தாளும் போகக் கூடாது" என்று வாக்கு வாங்கினாள். ஆறு வருடம் கழித்து ஏசுவடியான் சாகும்போது மகன் ஆசீரிடம், "ஜனவரி பதினேழாம் தேதித் தாளை எரிச்சிரு" என்று வாக்கு வாங்கினார்.

ஆசீர் அப்பாவின் பக்கங்களையெல்லாம் தட்டச்சு செய்தவர். சலோமி தாவரவியல் ஆசிரியை. இருபது வருடத்துக்கு முன்பே ஆய்வுப் பட்டத்துக்காக அம்மாவின் பக்கங்களை வரி விடாமல் படித்தவர்.

அப்பா இறந்த மறு வருடம் பரப்பனின் மகள் பகவதி வந்தாள்.

"அம்மா படுத்த படுக்கையா கெடக்கா, டீச்சர். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க அப்பா எழுதியிருப்பாருல்லா? அதைக் கேட்டுட்டு வான்னு அனுப்பிச்சா."

ஆசீரின் முகம் மாறியது. "ஏட்டி சலோமி, அந்தத் தாளை எடுக்காத. அதை எரிச்சிருவேன்னு அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் அம்மாவுக்குக் குடுத்திருக்கேன்லா அண்ணே."

"ஒன் எலை தழைய எவன் கேட்டான்? அந்த ஒத்தத் தாளு போனா மலை சாஞ்சிருமோ?"

சலோமி நோட்டைப் பிரித்து, முன்பக்கத்தைத் தமிழில் சொன்னார்.

"வானம் தெளிவு. வல்லூறு முட்டையிட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனோம். பரப்பன் காலையிலேயே குடித்திருந்தான். வேண்டாம் என்று தடுத்தேன். கேட்காமல் ஒன்பது மணிக்குப் பாறையில் ஏறினான். விழுந்தான்."

பகவதி எழுந்து நின்றாள். பிறகு, "இது எங்கம்மா காதுல விழ வேண்டாம். இந்தச் சார் சொன்னதுதான் சரி. எரிச்சிருங்க" என்றாள்.

ஆசீர் தீப்பெட்டியை எடுத்தார். தாளைக் கிழிக்க விரலை வைத்த சலோமிக்குப் பின்பக்கம் கண்ணில் பட்டது. அது அவருக்கு மனப்பாடம். வகுப்பில் பிள்ளைகளுக்கு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அது எந்தத் தேதி என்று மட்டும் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அதையும் தமிழில் சொன்னார்.

"விடியற்காலை முதல் விடாத மழை. காட்டுக் காசித்தும்பை, தண்டெல்லாம் தண்ணீர். எட்டே முக்காலுக்குள் செடியை உலர்த்தும் தாளை இரண்டு முறை மாற்றியும் காயவில்லை. செய்தித்தாள் தீர்ந்தது. பரப்பன் தலைத்துண்டை அவிழ்த்து, நான்காக மடித்து, ஒரு இதழ் கசங்காமல் செடியை வைத்துக் கட்டினான். எனக்கு அவ்வளவு நிதானமான கை இல்லை. இவர் கூப்பிட்டார். போனான்."

அதற்கு மேல் அம்மா அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

பகவதி கேட்டாள்: "எட்டே முக்காலுக்கு இதழ் கசங்காம கட்டுன மனுசன், ஒம்பது மணிக்குக் குடிகாரனா டீச்சர்?"

 ஆசீர் தீப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை. குச்சியை உரசவும் இல்லை. சலோமி தாளைக் கிழித்து, ஓரத்தில் பின்பக்கத்தைத் தமிழில் எழுதிப் பகவதியிடம் கொடுத்தார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று, அப்பா கேட்டதும் நடக்கவில்லை. பகவதி மலையேறிச் சேர்ந்தபோது அவள் அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. காதருகே வாசித்தாளாம். கேட்டதா என்று தெரியாது.

தன் பக்கத்தில் உண்மையை எழுதிவிட்டு, கணவர் பக்கத்தைப் பற்றி வாய் திறக்காமலே இறந்த ரஞ்சிதம். கொடுத்த வாக்குக்காகத் தீப்பெட்டி எடுத்த ஆசீர். தாளையே கொடுத்துவிட்ட சலோமி. இவர்களில் யார் செய்தது சரி?

எனக்குத் தோன்றிய விடை இது. ஆசீர் காக்க நினைத்தது வாக்கு அல்ல, ஒரு பொய். ரஞ்சிதம் ஒரு தாளும் போகக் கூடாது என்று கேட்டதே அவளுடைய ஒப்புதல் வாக்குமூலம். ஆனால் அது தெரிய வேண்டியவர்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், தேடாத பக்கத்தில் கிடந்தது. சலோமி செய்ததுதான் சரி. ஆனாலும் அவர் இருபது வருடம் தாமதித்துவிட்டார். அண்ணன் முன்பக்கத்தையே படித்தார், தங்கை பின்பக்கத்தையே படித்தார். ஒருவர் தாளைத் திருப்பியிருந்தால் போதும், பரப்பனின் மனைவிக்குக் காது நன்றாகக் கேட்ட காலத்திலேயே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

இதை எழுதிய பிறகு, ரஞ்சிதத்தின் பக்கமும் பொய்யாக இருந்தால் என்று எனக்குப் பயம் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எழுதி வைத்த தாள் பொய் சொல்லாது என்று நம்பி வளர்ந்தேன். அதனால் எங்கள் கல்லூரி உலர்தாவரச் சேகரிப்பில் ரஞ்சிதம் கொடுத்த கட்டுகளைத் தேடினேன். 17.1.1988, காட்டுக் காசித்தும்பை. இலைகள் ஈரத்தில் கறுத்திருக்கின்றன. ஒரு இதழும் மடங்கவில்லை. இலைகளின் மேல், குறுக்கும் நெடுக்குமாக, ஒரு துண்டின் நெசவு பதிந்திருக்கிறது.