கண்ணாடி இழை முகம் சாய்த்த கதை

அந்தக் காலத்தில், நண்டும் கல்லும் மனுசரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, கடற்கரையில் எள்ளளவு கல் ஒன்று இருந்தது. மின்னலை அது முழுசாக உள்ளே விடவும் செய்யாது, முழுசாகத் தடுக்கவும் செய்யாது. அப்படி ஒரு அரைமனசுக் கல். அதற்குள் சுடரி என்ற வெளிச்சக்காரி குடியிருந்தாள். அவள் வெளிச்சம் மனுசர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடி இழைக்குள் புகுந்துவிட்டால் எத்தனை தூரமும் களைக்காமல் ஓடும்.

அந்தக் கல்லையும், அங்கிருந்து கடலுக்கடியில் தீவு வரைக்கும் போன கண்ணாடி இழையையும் பார்த்துக்கொண்டவள் கடலாயி. தீவுப் பக்கம் இழையின் நுனியில் ஒரு பெரிய நண்டு கண்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுடரி கண் சிமிட்டிச் சொல்வதைப் படித்து அங்கிருப்பவர்களுக்குச் சொல்லும். புரிந்தால் இழையை ஒரு இழு, புரியாவிட்டால் இரண்டு இழு. அந்த இழு கரை வந்து சேர ஓர் உலை கொதிக்கிற நேரம் ஆகும். இழுத்தே பேசித் தொலைக்கலாமே என்று கேட்கிறவர்கள் நண்டிடம் போய்க் கேளுங்கள்.

இழை போட்டு மூன்றே நாள் ஆகியிருந்தது. ‘சௌக்கியமா’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒரு இழு வரும், அதைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. நான்காம் நாள் காலையில் கடலாயி கடலைப் பார்த்தாள். காற்று பொட்டென்று நின்றுபோய், தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. சாயங்காலத்துக்குள் புயல் வரும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கருவாடு போடப் போன அவள் தம்பி கொம்பையாவும், கூடப் போன நாற்பது வள்ளமும் அன்று உச்சிப்பொழுதில்தான் தீவிலிருந்து கிளம்புவதாக இருந்தார்கள்.

“ஏட்டி சுடரி, சொல்லு. புயல் வருது, ஒரு வள்ளத்தையும் தண்ணியில இறக்காதீங்கன்னு சொல்லு.”

சுடரி சொன்னாள். கடலாயி இழையைப் பிடித்தபடி காத்திருந்தாள். இரண்டு இழு வந்தது.

“உனக்குச் சத்தம் பத்தலை. உரக்கச் சொல்லுளா!”

சுடரி இருந்த பலத்தையெல்லாம் கூட்டிச் சொன்னாள். கல் கொதித்துப்போய்விட்டது. கடலாயி ஈரமணலை அள்ளி அதன் அடியில் வைத்தாள். மறுபடியும் இரண்டு இழு. இந்தத் தடவை நண்டு கோபமாக இழுத்தது போலவும் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது.

“இன்னும் உரக்க!” என்று கடலாயி கத்தினாள். சுடரி அழுதுவிட்டாள்.

“யக்கா, நான் ஒண்ணு சொன்னா எவளோ அதையே எம் மூஞ்சிக்கு நேரா திருப்பிச் சொல்லுதா. நான் உரக்கச் சொன்னா அவளும் உரக்கச் சொல்லுதா. எது என் பேச்சு, எது அவ பேச்சுன்னே தெரியாம தடுமாறிப் போறேன்.”

“எவ அவ? இங்க உன்னைவிட்டா யாரு இருக்கா?” கேட்டு முடிப்பதற்குள் கடலாயி கடல் பக்கம் திரும்பினாள். அவள் கண் எதிரே இருந்த கல்சுவரில் விழுந்தது. அலை நேராக வந்து நேரான சுவரில் மோதி, வந்த வழியே திரும்பிப் போய், பின்னால் வந்த அலையைக் குழப்பியது. பக்கத்திலேயே சரிந்து கிடந்த பாறையில் மோதிய அலையோ ஓரமாக வழிந்து போனது. யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

கல்லுக்கு எதிரே கண்ணாடி இழை மூக்கு அறுத்த மாதிரி நேராக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சுடரியின் பேச்சில் ஒரு துளி அதன் முகத்தில் பட்டு அவளிடமே திரும்பியிருக்கிறது. இத்தனை நேரமும் அவளை உரக்கக் கத்தச் சொல்லித் தானே அவளைக் குழப்பியிருக்கிறோம் என்று கடலாயிக்கு வெட்கமாக இருந்தது.

இழையின் நுனியைச் சாய்த்து அறுக்க அவள் சிப்பி ஓடு ஒன்றை எடுத்தாள். இழை அலறியது.

“தலை குனியச் சொல்லுதியா? மணல் உருகிப் பிறந்தவன் நான். எவ முன்னாலயும் குனிய மாட்டேன்.”

“குனிய வேண்டாம்ல. சந்துல நிக்கிறவன் எதிர்ல ஆள் வந்தா தோளைக் கொஞ்சம் ஒருக்களிச்சு வழி விடுவான்லா? அம்புட்டுத்தான்.”

“அறுக்கையில நான் நொறுங்கிப்போனா?”

“நொறுங்கினா எந் தம்பி போயிருவான். அறுக்கலைன்னாலும் போயிருவான்.” 

இழை நுனியை அவள் பக்கம் நீட்டியது. பிறகு, “சரி, கண்ணை மூடிக்கிடுதேன். சீக்கிரம் அறு,” என்றது.

கடலாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனியைச் சாய்வாக அறுத்தாள். மணலால் மழுக்கினாள். இழை நொறுங்கவில்லை.

“இப்ப மெதுவாவே சொல்லு தாயி,” என்றாள்.

சுடரி சொன்னாள். திரும்பிப் பேச யாரும் இல்லை. சொன்னது சொன்னபடி போனது.

உச்சிப்பொழுது கழிந்துகொண்டிருந்தது. கடலாயியின் விரலில் ஒரு இழு வந்தது. அவள் சிரிக்கவில்லை, இரண்டாவதுக்காகக் காத்திருந்தாள். ஒன்று முதல் நூறு வரை எண்ணினாள். வரவில்லை. மணலில் அப்படியே மல்லாந்து படுத்து, வாய்விட்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அத்தனை ஆறுதல் அவள் அதற்கு முன் அடைந்ததில்லை.

சாயங்காலம் புயல் வந்து தென்னையெல்லாம் முறித்துப் போட்டது. அதிலிருந்து நான்காம் நாள் நாற்பது வள்ளமும் ஒன்று குறையாமல் வந்தன. கொம்பையா நொண்டிக்கொண்டு இறங்கினான்.

“யக்கா, வள்ளத்தைப் பாதி இறக்கியாச்சு. அந்த நண்டுப்பய ஓடிவந்து எங் கால் பெருவிரலைக் கவ்வினவன் விடவே இல்லை. நீ கொஞ்சம் முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?”

கடலாயி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வேலையாக, நுனியை நேராக அறுத்த வேறு இழையை யாரும் தவறி இதோடு சேர்த்துவிடக் கூடாதே என்று, சாய்த்து அறுத்த நுனிக்குப் மணலில் படர்ந்த பச்சை அடம்பு இலையை அடையாளமாகச் சுற்றிக் கட்டினாள்.

அன்று முதல்தான், நெடுந்தூரம் சேதி சுமக்கும் கண்ணாடி இழை, பேசுகிறவள் பேச்சு அவள் முகத்திலேயே திரும்பி அடிக்காதபடி தன் நுனியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்கிறது. சாய்ந்த நுனிக்குப் பச்சைத் தொப்பியும் போட்டுக்கொள்கிறது.