மாப்பிள்ளை அத்தியாவசியமா?

என் கல்யாணத்துக்கு நான் தேவையில்லை என்று எங்கள் ஊர்க் கமிட்டி முடிவு பண்ணியபோது, "சரிதான், சரிதான்" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியவன் நான்தான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நத்தச்சுனையில் பிறந்துவிட்டு வெட்கத்தைப் பார்த்தால் வாயையே திறக்க முடியாது.

அது கொரோனா வந்த வருஷம். எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்த ஆள், "எல்லாரும் ஆறடி தள்ளித் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வண்டிக்காரர் சுடலை அன்றைக்கே தன் இரண்டு மாடுகளையும் ஆறடி தள்ளி நிறுத்தி, அந்த அகலத்துக்கு ஒரு நுகத்தடி செய்து பூட்டினார். வண்டி எந்தத் தெருவுக்குள்ளும் நுழையவில்லை. பிறகு வண்டியை வயலிலேயே போட்டுவிட்டு, நுகத்தடியைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"முகத்தை மூடிக்கிட்டு வெளிய போங்க" என்று அடுத்த நாள் சொன்னான். நாங்கள் துண்டை எடுத்து நெற்றியிலிருந்து கழுத்துவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனோம். நேராகக் குளத்துக்குள் போனோம். முதலில் விழுந்தவன் நான். பின்னால் வந்தவர்கள், "என்னல சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே விழுந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் கிராம அதிகாரி வந்து, "இனிமே அத்தியாவசியமானது மட்டும்தான் நடக்கணும். எது அத்தியாவசியம்னு உங்க கமிட்டியே பேசி முடிவெடுங்க" என்றார்.

கமிட்டித் தலைவர் என் தாய்மாமா மாடசாமி. அவர் கேட்டார்: "அய்யா, அத்தியாவசியம்னா என்னதுய்யா?"

அதிகாரி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, "எது இல்லைன்னா நின்னுருமோ, அதுதான் வே அத்தியாவசியம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னும் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் என் பிழைப்பு இப்படி ஆகியிருக்காது.

பால் சொசைட்டி வாசலில் கமிட்டி கூடியது. ஆறாறு அடி தள்ளி உட்கார்ந்ததில், தலைவர் வாசலில் இருந்தார், கடைசி உறுப்பினர் வாழைத்தோப்புக்குள் இருந்தார். ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் வாங்கி உரக்கச் சொல்ல வேண்டும்.

"முடி வெட்டுதது அத்தியாவசியமா?" என்று மாமா கேட்டார்.

"முடி வெட்டலைன்னா என்ன நிக்கும்?"

"ஒண்ணும் நிக்காது. முடி பாட்டுக்கு வளந்துக்கிட்டுதான் இருக்கும்."

"அப்ப அது வேண்டாம். சீட்டாட்டம்?"

எல்லாரும் யோசித்தார்கள். என் சித்தப்பா ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலு கை சேரலைன்னா ஆட்டம் நின்னுரும்லா?" என்றார்.

"ஆமா வே, நின்னுரும்!"

சீட்டாட்டம் அத்தியாவசியமானது. அடுத்து நர்சம்மா. அவர்கள் வராவிட்டால் ஊசி நின்றுவிடும் என்று ஒருத்தர் சொன்னார். ஊசி நின்றால் நல்லதுதானே என்று வாழைத்தோப்பிலிருந்து குரல் வந்தது. ஊசிக்குப் பயந்த ஆண்பிள்ளைகள் நிறைந்த கமிட்டி அது. எல்லாரும் கை தட்டினோம், நர்சம்மாவை வேண்டாமென்று தள்ளினோம்.

அன்று சாயங்காலமே போலீஸ் வந்து, அத்தியாவசியப் பணியில் இருந்த எங்களைச் சீட்டுக் கட்டோடு பிடித்து முதுகில் ரெண்டு வைத்தது. "நின்னுருமுன்னுதான்யா ஆடினோம்" என்று நான் சொன்னேன். அதற்காக எனக்கு மட்டும் இன்னொன்று விழுந்தது.

இதெல்லாம் போகட்டும். என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு அப்பா அம்மா கிடையாது. அக்கா பிச்சம்மாள்தான் வளர்த்தாள். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம், "மாப்பிள்ளை சொரிமுத்துக்கு எந்த ஊர்?" என்று கேட்பார்கள். நத்தச்சுனை என்றதும் காபியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி இருக்கும்போது, கீழப்பாறையில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தாளா, என்னைப் பிடித்துச் சிரித்தாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டு எதற்குக் கெடுக்க வேண்டும்?

ஊரடங்கு முழுக்கப் போனில்தான் பேசினோம். முகூர்த்தம் குறித்தபிறகு ஒருநாள் அவள் சொன்னாள்: "இங்க பாருங்க, இந்த முகூர்த்தம் தப்பிச்சுன்னா எங்கய்யா என்னை அத்தை மகனுக்குக் கட்டி வச்சிருவாரு. அவன் இப்பமே புது வேட்டி எடுத்து வச்சிருக்கான். கரெக்டா வந்துருங்க."

"உசுரே போனாலும் வந்துருவேன் இசக்கி" என்றேன். அப்படிச் சொன்னவன்தான் நான்.

கல்யாண மண்டபத்துக்குள் இருபது பேர்தான் இருக்கலாம் என்று உத்தரவு. பெண் வீட்டுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. எங்கள் பத்துப் பேர் யார் யார் என்று முடிவெடுக்கக் கமிட்டி மறுபடியும் வாழைத்தோப்புவரைக்கும் உட்கார்ந்தது.

"மேளக்காரர் வரலைன்னா கெட்டிமேளம் நின்னுரும்" என்றார் மாமா. சேர்த்தாயிற்று. நாதஸ்வரம், சமையல்காரர், போட்டோக்காரர், வேன் டிரைவர் எல்லாரும் வரிசையாக உள்ளே போனார்கள். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காவிட்டால் சடங்கு நின்றுவிடும் என்று மாமா தன்னையே சேர்த்துக்கொண்டார். நாத்தனார் முடிச்சுப் போட அக்கா வேண்டும். அக்கா வந்தால் கைக்குழந்தை வேண்டும், இல்லாவிட்டால் அவள் பாதியில் எழுந்து போய்விடுவாள். எட்டுப் பேர் ஆயிற்று.

சித்தப்பா எழுந்து நின்றார். "என்னைக் கூப்பிடலைன்னா நான் கோவிச்சுக்கிட்டு வந்து கல்யாணத்தையே நிறுத்திருவேன்."

"நிறுத்திருவீரா?"

"கண்டிப்பா நிறுத்துவேன்."

"அப்ப நீரு அத்தியாவசியம் வே, உக்காரும்."

மிச்சம் ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு பேர் நின்றோம். ஒன்று நான். இன்னொன்று பால்வண்ணம் பெரியப்பா.

பால்வண்ணம் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் எந்த விசேஷமானாலும் பாயசத்தை முதலில் அவர் ஒரு கரண்டி குடித்துத் தலையை ஆட்டினால்தான் பந்தியில் இலை போடுவார்கள். ஒருமுறை அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்ட முடியாமல் போனதில், கோயில் கொடைக்கு வந்த சனம் முழுக்கப் பட்டினியாகத் திரும்பிப் போயிருக்கிறது.

"பால்வண்ணம் வரலைன்னா பந்தி நின்னுரும்" என்றார் மாமா. "மாப்பிள்ளை வரலைன்னா எது நிக்கும்?"

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"மணவறையில உக்காரணும்."

"உக்காருதது ஒரு வேலையா வே? இங்க நாம எல்லாரும் உக்காந்துதானே இருக்கோம்?"

"தாலி கட்டணும்லா?"

"மூணு முடிச்சுல ரெண்டு முடிச்சு பிச்சம்மா போடுதா. பாதிக்கு மேல அவ கட்டுதா. மிச்சம் ஒண்ணையும் அவளே சேத்துப் போட்டா கையா தேஞ்சுரும்?"

மாமா என்னைப் பார்த்தார். "ஏல சொரிமுத்து, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. நீ வரலைன்னா கல்யாணம் நிக்குமா?"

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். இதுவரைக்கும் எத்தனையோ கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தும் நான் போகாமல் இருந்திருக்கிறேன். ஒரு கல்யாணமாவது என்னால் நின்றிருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. ஜாம்ஜாம் என்று நடந்திருக்கிறது. மனசாட்சிக்கு விரோதமாகப் பேச எனக்கு வரவில்லை.

"நிக்காது மாமா" என்று கையைத் தூக்கினேன்.

"புள்ளைன்னா இதுல்லா புள்ளை!" என்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் வேன் கிளம்பியது. நான்தான் எல்லாரையும் ஏற்றிவிட்டேன். தாலி, மாலை, பட்டுவேட்டி எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று கையாட்டினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். இரண்டாவது தோசையைத் திருப்பும்போது போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?" என்றாள் இசக்கி.

"வீட்டுல. தோசை சுடுதேன். நீ சாப்பிட்டியா?"

"இன்னைக்கு என்ன நாளு?"

"நம்ம கல்யாணம்."

"கல்யாணம் எங்க நடக்கு?"

"அங்க."

"மாப்பிள்ளை எங்க இருக்காரு?"

அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அடப்பாவி சொரிமுத்து! அத்தை மகனுடைய புது வேட்டி கண்ணுக்கு முன்னால் வந்து ஆடியது. தோசையைக் கருகவிட்டுவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

மண்டப வாசலில் ஓர் ஏட்டையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போற?"

"என் கல்யாணத்துக்குய்யா."

"உள்ள இருபது பேர் எண்ணி விட்டாச்சு. ஒரு ஆள் வெளிய வந்தா நீ போ. இல்லைன்னா எனக்கு வேலை போயிரும்."

நான் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "மாமா! யாராவது ஒரு ஆளு வெளிய வாங்க!" என்று கத்தினேன். எல்லாரும் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து, முறைப்படி ஆறடி தள்ளி நின்று ஆலோசித்தார்கள். மேளக்காரர் வர முடியாது. சமையல்காரர் வர முடியாது. "நான் வெளிய வந்தா கோவிச்சுக்குவேன்" என்றார் சித்தப்பா. பால்வண்ணம் பெரியப்பா பாயசம் இன்னும் கொதிக்கவில்லை என்றார். பெண் வீட்டுக்காரர்களும் யாரும் அசையவில்லை.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். "பொண்ணுக்கு என்ன வேலை? தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கணும். அதை வெளிய நின்னு குனிஞ்சா என்ன?"

இசக்கி வெளியே வந்தாள். பட்டுச் சேலையும் மாலையுமாக என்னைக் கடந்து போகும்போது பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை, கேட்டுக் கம்பி உருகியிருக்கும். நான் உள்ளே போனேன், வேட்டி கட்டினேன், மணவறையில் உட்கார்ந்தேன். பெண் வீட்டுக் கணக்கில் வந்திருந்த ஐயர் மந்திரம் சொல்லி, தாலியை என் கையில் கொடுத்து, "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்றார்.

பெண் உள்ளே வர வேண்டுமானால் ஓர் ஆள் வெளியே போக வேண்டும். மற்ற எல்லாரும் அத்தியாவசியம். தாலியைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே போனேன், அவள் உள்ளே வந்தாள். ஐயர், "மாப்பிள்ளை எங்கே?" என்றார். அவள் வெளியே வந்தாள், நான் உள்ளே போனேன். "பொண்ணு எங்கே?" என்றார். இப்படியே நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, "முகூர்த்தம் முடியப் போறது" என்றார். அவளுடைய அத்தை மகன் புது வேட்டியோடு பெண் வீட்டுப் பத்துப் பேரில் ஒருத்தனாக உள்ளேயேதான் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த தடவை கேட்டில் எதிரும் புதிருமாக வந்தபோது இசக்கி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ளயும் போவாண்டாம், வெளியவும் போவாண்டாம். இங்கனயே கட்டுங்க."

"கேட்டுலயா?"

"ஒரு மண்ணும் பேசாதீங்க. கட்டுங்க!"

கட்டினேன். அவளுக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எனக்கும் அப்படித்தான். ஏட்டையா குனிந்து எங்கள் கால்களை எண்ணிப் பார்த்து, "கணக்கு சரியா இருக்கு" என்றார். அக்கா கம்பிக்கு நடுவே கையை நீட்டி முடிச்சுப் போட்டாள். மேளக்காரர் மணவறையைப் பார்த்தபடி இன்னும் காத்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் ஏட்டையாதான், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். பால்வண்ணம் பெரியப்பா தலையை ஆட்டினார்.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நான் நல்லவன். ஆனால் ஊர் திரும்ப வேண்டுமே.

வேனில் வந்தது பத்துப் பேர். பாஸும் பத்துப் பேருக்குத்தான். மொபெட்டில் ஒரு ஆள்தான் போகலாம் என்று ஏட்டையா சொன்னார். நானா, இசக்கியா? நின்ற இடத்திலேயே கமிட்டி கூடியது.

"மருமக வரலைன்னா வீட்டுல விளக்கேத்துதது நின்னுரும். இவன் வரலைன்னா எது நிக்கும்?"

இந்தத் தடவை நான் கையைத் தூக்கவில்லை. ஆனாலும் முடிவாகிவிட்டது. "தடை எடுத்ததும் வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு, இசக்கி என் மொபெட்டில் ஏறி என் வீட்டுக்குப் போனாள். நான் மாமனார் வீட்டில் நின்றுகொண்டேன்.

தடை எடுத்தாயிற்று. பஸ் ஓடுகிறது, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஆனால் நத்தச்சுனைக்கு அதிகாரி வந்து நேரில் சொல்லவில்லையே. அதனால் எங்கள் கமிட்டி இன்னும் அத்தியாவசியமானவர்களை மட்டும்தான் ஊருக்குள் விடுகிறது. நான் இல்லாததால் எது நின்றிருக்கிறது என்று மாமா கேட்டிருக்கிறார். விசாரித்தேன். விளக்கு எரிகிறதாம், மாடு கறக்கிறதாம், சீட்டாட்டத்தில் என் கைக்கு வேறு ஆள் வந்துவிட்டானாம்.

போன வாரம் இசக்கி போனில், "நீங்க இல்லாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு" என்று சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் குதித்தேன். உடனே மாமாவுக்குப் போன் போட்டு, "மாமா, நின்னுட்டு! அவளுக்குச் சோறு எறங்குதது நின்னுட்டு!" என்றேன்.

கமிட்டி அவசரமாகக் கூடி, நெடுநேரம் ஆலோசித்து, நர்சம்மாவை அத்தியாவசியம் என்று முடிவு பண்ணி என் வீட்டுக்கு அனுப்பியது. நர்சம்மா போய் இசக்கிக்கு ரெண்டு ஊசி போட்டுவிட்டு வந்தார்களாம்.

அன்றிலிருந்து இசக்கி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். யோசித்துப் பார்த்தேன், இதுவும் நின்றதுதானே? நாளைக்கு மறுபடியும் மாமாவுக்குப் போன் போட வேண்டும்.